இடது தோளுக்கு முக்கால் இஞ்ச்

எங்கள் கடையில் தைத்த ஜாக்கெட்டைப் போட்டால் கழுதைக்கும் இடுப்பு வந்துவிடும் என்று பாவூர்சத்திரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். கடை என்னுடையது இல்லை, இசக்கிச்செல்வியுடையது. மார்க்கெட்டுக்குப் பின்னால், வெங்காயக் கமிஷன் கடைகளை ஒட்டின சந்தில் பத்துக்கு எட்டு அறை. அவள் அளவெடுப்பாள், வெட்டுவாள், மிஷினில் ஓட்டுவாள். நான் ஊக்கு வைப்பேன், காஜா எடுப்பேன், ஹெம்மிங் பண்ணுவேன். என் பெயர் ஆவுடைத்தாய். வயது ஐம்பத்திரண்டு. வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள். அந்த நீள வாயை எங்கே திறந்திருக்க வேண்டுமோ அங்கே இரண்டு வருஷம் மூடி வைத்திருந்தேன். அந்தக் கேவலத்தைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

செல்விக்கு ஒரே மகள், சத்யபிரியா. இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. அப்பன் குத்தாலிங்கம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறான். காலையில் தக்காளி ஏற்றினால் திருவனந்தபுரம் போய்த் திரும்ப மறுநாள் ஆகிவிடும். ஆகையால் வீடும் கடையும் பிள்ளையும் செல்வி பொறுப்பு. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டால் நேராகக் கடைக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். என்னை அத்தை என்று கூப்பிடும்; செல்விக்கு நான் மைனி, அண்ணி முறை. எனக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது.

தையல்காரர்கள் எல்லாரும் ஒரு பக்கம்தான் அளப்பார்கள். துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டினால் இன்னொரு பக்கம் தானாக வந்துவிடும். மனுஷ உடம்புக்கு வலமும் இடமும் ஒன்று என்பது இந்தத் தொழிலின் நம்பிக்கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சத்யா ஏழாம் வகுப்புக்குப் போகும்போது தைத்த யூனிபார்ம் சுடிதார் சரியாக உட்காரவில்லை. இடது தோளில் துணி சுருங்கியது. கீழே வலது பக்க மடிப்பு தூக்கிக்கொண்டு நின்றது. வெட்டு பிசகிவிட்டது என்று செல்வி பிரித்துத் தைத்தாள். மறுபடியும் அதே சுருக்கம். மூன்றாம் தடவை தைக்கவில்லை. பிள்ளையை நிறுத்தி, டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தாள். அப்புறம் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி நூல்கண்டு வாங்கிவரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மைனி, துணியில கோளாறு இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேருமே வடகரைக்காரிகள். செல்வியின் அக்கா பேச்சித்தாயை எனக்கு நன்றாகத் தெரியும். கூனி, கூனி என்று தெருவே கூப்பிட்ட பெண். முகம் அவ்வளவு லட்சணமாக இருக்கும். பத்து வயதுவரை நேராக இருந்தவள்தான். பிறகு முதுகு ஒரு பக்கமாக வளைந்து மேடு தட்டிவிட்டது. எவனும் பெண் கேட்டு வரவில்லை. அவளோடு பள்ளிக்கூடத்துக்கு நடக்க வெட்கப்பட்டுச் செல்வி பத்தடி முன்னால் போவாள். நானே பார்த்திருக்கிறேன். பேச்சித்தாய் முப்பது வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம்தான் செல்விக்கு, சொந்தம் இல்லாத அசலில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருமுன்பே அந்த அக்காவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"வளருத பிள்ளைதான. வளர வளரச் சரியாயிரும்" என்று நான் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும் என்று சொன்னேன்? வாய் இருக்கிறது, சொன்னேன்.

செல்வி கேன்வாஸ் துணிக்குள் ஸ்பாஞ்சு வைத்துப் பட்டையாக மடித்தாள். இடது தோளுக்குள் வைத்துப் பிடித்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். நான் வெளியே தையல் தெரியாதபடி கையால் தைத்துக் கொடுத்தேன். மேலே ஓவர்கோட்டைப் போட்டதும் பிள்ளை நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனுக்கும் தீபாவளிக்கும் செல்வி மகளுக்கு மட்டும் இரண்டு பக்க அளவு எடுத்தாள். பிள்ளை ஒருநாள் கண்ணாடி முன்னால் பாவாடை சட்டையோடு நின்று, "யம்மா, எனக்கு ஒரு தோளு எறங்கிக் கெடக்குல்லா?" என்று கேட்டது. "பைய ஒரு பக்கமாத் தொங்கப் போட்டா எறங்காம என்ன செய்யும்? நிமிந்து நில்லுட்டி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அதிலிருந்து நிமிந்து நில்லு, நிமிந்து நில்லு என்பதே அந்த வீட்டில் பாட்டாகிவிட்டது. பிள்ளையும் நிமிர்ந்து நிமிர்ந்துதான் நின்றது, பாவம்.

போன சீசனுக்கு அருவிக்குக் கூட்டிப்போகவில்லை. சளி பிடிக்கும் என்றாள். பாவூர்சத்திரத்தில் இருந்துகொண்டு, சாரல் மூஞ்சியில் அடிக்கிற தூரத்தில் குற்றாலத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் விழுகிறது என்று ஊரே டவலைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது, ஒரு பிள்ளையை மட்டும் பூட்டி வைத்தால் அது அழாதா? அழுதது. நனைந்த துணி முதுகில் ஒட்டும் என்பது பிள்ளைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் தப்பிக்க முடியவில்லை. குத்தாலிங்கத்தின் தங்கச்சி முத்துலட்சுமி கோயம்புத்தூரிலிருந்து சீசனுக்கென்றே வந்து இறங்கிவிட்டாள். கடையிலோ பள்ளி திறக்கிற சமயம். யூனிபார்ம் துணி என் தலைக்கு மேல் குவிந்து கிடக்கிறது. செல்வி அதைச் சாக்காகச் சொல்லிப் பார்த்தாள்.

"மைனி, ஒரு ஞாயித்துக்கெழம மிஷின் மிதிக்காட்டா ஊரு அம்மணமாவா போயிரும்? கெளம்புங்க" என்றாள் முத்துலட்சுமி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வி என்னை முறைத்தாள்.

டெம்போவைக் கழுவி, தார்ப்பாய் விரித்து, எல்லாரும் பின்னால் ஏறினோம். கழுவியும் வெங்காய வாடை போகவில்லை. முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு ஒரு தூக்குச்சட்டி நிறைய. தென்காசி தாண்டியதும் வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்தது. சத்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று வாயைத் திறந்து சாரலைக் குடித்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது, ஒரு நாள் குளித்துவிட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். குற்றாலத் தண்ணீரை நிமிர்ந்து நின்று வாங்க முடியாது. மண்டை கிறுகிறுத்துப் போகும். குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, முதுகைத்தான் கொடுக்க வேண்டும். வரிசையாக அத்தனை பெண்களும் குனிந்து முதுகைக் கொடுத்திருந்தார்கள். சத்யாவும் நடுவில் புகுந்து குனிந்தது. பழைய சுடிதார், உள்ளே பட்டை கிடையாது. துணி தோலோடு ஒட்டியது. வலது பக்கம் தோள்பட்டைக்குக் கீழே ஒரு மேடு எழும்பி நின்றது. இடது பக்கம் பள்ளம். தண்ணீர்கூட ஒரு பக்கமாக வழிந்து ஓடியது. இவ்வளவு ஆகிவிட்டதா? செல்வி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பிள்ளையை இழுக்கப் போனாள். அதற்குள் வேறொருத்தி பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், பல் தந்தியடித்தது. "இந்தப் பாப்பாவோட அம்மா யாரு?"

"நான்தான். என்ன வேணும் உங்களுக்கு?"

"கோவப்படாதீங்கக்கா. என் பேரு மெஹர் பானு. தென்காசில எலும்பு டாக்டர் ஆஸ்பத்திரில பிசியோதெரபிஸ்டா இருக்கேன். பாப்பா முதுக ஒரு நிமிஷம் பாத்துக்கிடட்டுமா? இங்கன வேண்டாம், துணி மாத்துற ரூமுக்குள்ள போயிருவோம்."

செல்வி வேண்டாம் என்று சொல்லுமுன் பிள்ளை அவளோடு நடந்துவிட்டது. உள்ளே ஒரு மூலையில் நிறுத்தி, முதலில் பின்னால் நின்று சும்மா பார்த்தாள். இரண்டு தோளையும், தோள்பட்டை எலும்பையும், தொங்குகிற கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கிற சந்தையும் பார்த்தாள். வலது பக்கம் சந்தே இல்லை. இடது பக்கம் ஒரு கை நுழையும்.

"ரெண்டு காலையும் சேத்து வை பாப்பா. முழங்கால மடக்கக் கூடாது. ரெண்டு உள்ளங்கையையும் கும்பிடுற மாதிரி சேத்துக்க. இப்பம் பைய குனி. தலைய தொங்கப் போட்டுரு. அவ்வளவுதான்."

அவளும் பின்னால் குனிந்து, முதுகின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தாள். "நிமிந்து நிக்கும்போது முதுகு ஏமாத்தும்க்கா. குனிஞ்சா ஏமாத்த முடியாது. பாருங்க, வலது பக்கம் ஒசந்து நிக்குதுல்லா? முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சு, கூடவே திருகவும் செய்யுது. அதான் வெலா எலும்ப வெளிய தள்ளுது. வலி இருக்காது, அதனால யாருக்கும் தெரியாது. புதன்கெழம கூட்டிட்டு வாங்க."

"வந்துட்டா ஞாயம் பேச! என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கூல் பை தூக்குத தோளு" என்று செல்வி கத்தினாள். உடை மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்யா இன்னும் கும்பிட்ட கையோடு குனிந்தே நின்றது. நிமிரச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டோம்.

முத்துலட்சுமி ஈரத்துண்டோடு வந்து, பிள்ளையின் முதுகில் கையை வைத்துத் தடவினாள். "இது எங்க வம்சத்துல கெடையாதே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். செல்வியின் முகம் செத்துப்போயிற்று. கூட்டாஞ்சோற்றை யாரும் திறக்கவில்லை.

புதன்கிழமை போனோம். குத்தாலிங்கம் "தங்கச்சி சொல்லுதால்லா, போய்க் காட்டிட்டு வந்துருங்க" என்றுவிட்டு லோடுக்குப் போய்விட்டான். நான், செல்வி, சத்யா மூன்று பேர். மெஹர் பானு பிள்ளையை மறைப்புத் தட்டிக்குப் பின்னால் நிறுத்தி, பிடரி எலும்பிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டாள். நுனியில் சின்னக் குண்டு. கொத்தனார் சுவர் பார்க்கிற தூக்குக்குண்டேதான். நூல் நடு முதுகில் இறங்கி, இடுப்புக்குக் கீழே வலது பக்கமாக விலகித் தொங்கியது. மறுபடியும் குனியவைத்து, ரசமட்டம் மாதிரி ஒன்றை முதுகின் குறுக்கே வைத்தாள். உள்ளே ஒரு குட்டி உருண்டை உருண்டுபோய் எட்டில் நின்றது.

"ஏழுக்கு மேல போனாலே எக்ஸ்ரே எடுத்துருவோம்" என்றாள். நிற்கவைத்து எடுத்தார்கள். படத்தை விளக்கில் வைத்து, பென்சிலால் இரண்டு கோடு கிழித்துக் கோணம் பார்த்தாள். "இருபத்தி நாலு டிகிரி. பயப்படாதீங்க. இனி நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. நான் எழுதுறதப் பாத்துத்தான் டாக்டர் முடிவு சொல்லுவாரு. வயசுக்கு வந்து எத்தன மாசம் ஆச்சு?"

"ஏழு மாசம்."

"அப்பம் இன்னும் வளருவா. குடும்பத்துல யாருக்காவது இது மாதிரி உண்டா?"

"இல்ல."

"எப்பம் முதல்ல கண்ணுல பட்டுச்சு?"

"நீங்க அருவியில காட்டுனப்பதான். அதுக்கு முன்ன தெரியவே தெரியாது."

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் சோறு தள்ளிக் கொடுக்கிறேன். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சோறு போடுகிறவள், முப்பது வருஷப் பழக்கம். நான் வாயைத் திறக்கவில்லை.

"புதுசுன்னா அவசரப்பட வேண்டாம்" என்றாள் மெஹர் பானு. "இருபத்தஞ்சுக்குள்ள இருக்கு. அது நின்னுட்டதா, இல்ல கூடிக்கிட்டே போவுதான்னு நமக்குத் தெரியல. நாலு மாசம் கழிச்சு இன்னொரு எக்ஸ்ரே எடுப்போம். கூடியிருந்தா முதுகப் பிடிச்சு நிறுத்துற பெல்ட் போடணும். இந்த வயசுல சிலருக்கு மளமளன்னு கூடிரும். நாப்பது அம்பதுன்னு போச்சுன்னா ஆபரேஷன்தான். நாலு மாசத்துல தவறாம வந்துருங்க."

வெளியே வந்தோம். சாரல் விட்டிருந்தது. கோயில் வாசல் பக்கம் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். செல்வி அரைக் கிலோ வாங்கினாள். மூச்சு விட்டாள். பிழைத்தோம் என்கிற மூச்சு. சத்யா ஒரு பழத்தை உடைத்து முதல் சுளையை அம்மாவின் வாயில் வைத்தது.

"நல்லவேள யம்மா, அந்தக்கா பாத்தாங்க. இல்லன்னா நமக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாதுல்லா?"

செல்வி சுளையை மெல்லவில்லை. வாயில் வைத்தபடியே நின்றாள். பிறகு கையில் துப்பிவிட்டு, கடைக்காரர் போட்டிருந்த காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன யம்மா, தல சுத்துதா?"

"மைனி" என்றாள் என்னைப் பார்த்து. "நாலு மாசத்துல எவ்வளவு கூடும்?"

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா" என்றாள். எழுந்தாள். "வாங்க, திரும்பிப் போவோம்."

பிள்ளையை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். மெஹர் பானு டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள் செல்வி. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. "எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். நான் டெய்லரு. அளவு நோட்டுல எழுதியிருக்கு, பாக்காமலே சொல்லுதேன், எழுதிக்கோங்க. முந்தின வருசம் ஜூன்ல இடது தோளு கால் இஞ்ச் எறக்கம். தீபாவளிக்கும் கால்தான். போன வருசம் ஜூன்ல அரை. தீபாவளிக்கு அரையும் ஒரு நூலும், அரைக்கு மேல அரைக்கால் இஞ்ச். இந்த ஜூன்ல முக்கால் இஞ்ச். முக்கால் இஞ்சுக்கு நானே பட்ட வச்சுத் தச்சு மூடிட்டேன். எங்க அக்கா பேச்சித்தாய்க்கு இதேதான் இருந்துச்சு. கூனின்னு சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன்."

மெஹர் பானு திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டப்பாவை மூடிவிட்டுப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு அளவையும் தேதியோடு திரும்பக் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

"டேப் அளவ மட்டும் வச்சு டிகிரி சொல்ல முடியாது. ஆனா இது நின்ன முதுகு இல்ல, கூடிக்கிட்டே வர்ற முதுகுன்னு தெரியுது. குடும்பத்துலயும் இருக்கு. நாலு மாசம் காக்க வேண்டாம்க்கா, இந்த வாரமே டாக்டரப் பாத்துப் பெல்ட்டுக்கு அளவு குடுக்கச் சொல்லுறேன். இதுக்கு மேல வளையாம நிறுத்தப் பாப்போம்." கொஞ்ச நேரம் எழுதினாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பை தூக்குறதுனாலயோ கோணி நிக்கிறதுனாலயோ இது வராது. பாப்பாவ அதுக்காக ஏசாதீங்க."

நான் திரும்பினேன். தட்டியின் ஓரத்தில் சத்யா நின்றுகொண்டிருந்தது. கையில் மங்குஸ்தான் பை. எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஆனால் எல்லாம் கேட்டிருக்கிறது. அந்த முகத்திலேயே தெரிந்தது.

"அப்பம் கண்ணாடில நான் பாத்தது நெசந்தானா?" என்று கேட்டது.

செல்வி பிள்ளையின் பக்கம் கையை நீட்டினாள். பிள்ளை பையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டது.

பாவூர்சத்திரம் பஸ்ஸில் மத்தியானக் கூட்டம் இல்லை. செல்வி முன்னால் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். பிள்ளை அங்கே போகவில்லை; பின் ஸீட்டில் என்னோடு உட்கார்ந்தது. எனக்கு, வெட்கம் கெட்டவளுக்கு, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அம்மாமேல் கோபம், அத்தைமேல் இல்லை என்று. தலையைத் தடவிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, வயல் வந்தது. அப்போதுதான் பிள்ளை என் பக்கம் திரும்பியது.

"அத்தை, ஒங்களுக்கும் தெரியுமா?"

இல்லை தாயி என்று சொல்லியிருக்கலாம். செல்வியும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். அவள் உள்ளே சொன்னதில் என் பெயரே வரவில்லை. நானே பட்டை வச்சேன் என்றுதான் சொன்னாள்.

"தெரியும்" என்றேன்.

பிள்ளை தலையை ஆட்டியது. அழவில்லை. "நான் தெனமும் காலைல அம்ம எந்திக்க முன்ன, செவத்தோட ஒட்டி நிப்பேன் அத்தை. நூறு எண்ணுத வரைக்கும். ரெண்டு தோளும் செவத்துல படுதான்னு. தலகாணி வைக்காமப் படுத்தேன். நான் ஒழுங்கா நிக்காததுனாலதான் அப்பிடி ஆயிட்டுன்னு நெனச்சேன். அம்மைக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவான்னு சொல்லல."

முன் ஸீட்டில் செல்வியின் தலை கம்பியில் போய்க் கவிழ்ந்தது. கேட்டிருக்கிறது.

நான் பிள்ளையின் கையைப் பிடித்தேன். உருவிக்கொண்டது. எழுந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், யார் பக்கமும் சாயாமல், மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏம்மா, இம்புட்டு எடங் கெடக்குல்லா, உக்காரு" என்றார் கண்டக்டர்.

"வேண்டாம்ணே" என்றது.

பாவூர்சத்திரம் வருகிறவரை நின்றுகொண்டேதான் வந்தது. செல்வி தலையைத் தூக்கவில்லை. நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு வருஷமாகப் பார்த்தும் பார்க்காதவள். இனிமேல் கண்ணைத் திருப்ப எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?